கடலுக்கடியில் காணாமல்போன கடைசிப் பத்து நிமிடம்

துறைமுகத்தின் பற்றரிப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் எங்கள் படிவத்தைப் பார்த்து முகம் சுளிப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரே செல்லுக்கு எதற்கு இரண்டு கட்டங்கள், ‘கண்டது’ என்று ஒன்று, ‘திருத்தியது’ என்று இன்னொன்று, அவற்றுக்குத் தனித்தனியாக எதற்கு இரண்டு பேரின் கையெழுத்து, இதை வகுத்த ஆளுக்கு வேறு வேலை இருக்கவில்லையா என்று உங்களில் ஒருவர் தேநீர்க் கடையில் வைத்துக் கேட்டாராம். வகுத்த ஆட்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான். எனக்கு வேறு வேலை இருந்தது. அது போய்விடப்போகிறது என்று நடுங்கிய ஒரு வெள்ளிக்கிழமைக்கு மறுநாள்தான் அந்தக் கட்டம் பிறந்தது.

ஓய்வு பெற்றவனிடம் வாயைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டீர்கள், இனி முழுவதையும் கேளுங்கள்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போன கையோடு, யாழ்ப்பாணத்தார் நிறைந்திருந்த வெள்ளவத்தையில் பாதி வீடுகளுக்குப் பூட்டு விழுந்தது. யாழ்ப்பாண ரயிலில் கூரையைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் எங்கள் ஆட்கள். எனக்கு டிக்கட் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நானும் ஓடியிருப்பேன், பெருமை பேசி என்ன பயன். ஊருக்கும் போகாமல் வேலையும் இல்லாமல் நின்ற நான் துறைமுகத்துக்குப் போய்க் கேட்டேன். ஓடிப்போனவர்களில் ஒருவருடைய இடம் வெறுமையாக இருந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து வாசலுக்கு அருகில் வெள்ளைக்காரரின் கடற்படை நடத்திய பற்றரிக் கொட்டகையில் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தற்காலிகம் என்ற அந்தச் சொல்லை நான் வெள்ளவத்தையில் யாருக்கும் சொல்லவில்லை.

வெள்ளவத்தையில் நான் இருந்தது ஒரு சமரியில். வேலைபார்க்கும் பிரமச்சாரிகள் ஐந்தாறு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும் வீட்டுக்கு அப்படித்தான் பெயர். மற்றவர்கள் எல்லோரும் கந்தோர்களில் பேனா பிடிக்கும் கிளாக்கர்மார். நான் மட்டும் ‘சப்மரீன் எஞ்சினியர்’. அப்படி நானே எனக்குப் பட்டம் கொடுத்திருந்தேன். அசிட் தெறித்து என் காற்சட்டையில் விழுந்த ஓட்டைகளைக்கூட யுத்தக் காயங்களைப்போல அவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். நிரந்தர நியமனம் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பிப்போவதைப் பற்றி மட்டும் நான் நினைப்பதே இல்லை.

நீர்மூழ்கி டீசலில் ஓடுகிறது என்றுதான் சமரியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாதிதான் சரி. மேலே மிதக்கும்போது டீசல் ஓடும். கப்பலையும் தள்ளும், டைனமோவைச் சுற்றிப் பற்றரியையும் நிரப்பும். உள்ளே இறங்கினால் அதை நிறுத்தியே ஆகவேண்டும், ஏனென்றால் டீசலுக்குக் காற்று வேண்டும். மாலுமிகள் மூச்சுவிட வைத்திருக்கும் காற்றை அது ஒரே மிடறில் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும். ஆகவே தண்ணீருக்குள் இருக்கும்வரை எல்லாவற்றுக்கும் பற்றரிதான். மோட்டர், விளக்கு, விசிறி, தண்ணீர் இறைக்கும் பம்பி, கோப்பி போடும் அடுப்பு, எல்லாம் அதன் தலையில். இருநூறுக்கு மேற்பட்ட செல்கள், ஒவ்வொன்றும் என் நெஞ்சளவு உயரம், நடக்கும் தரைக்குக் கீழே அடுக்கியிருக்கும்.

இந்தப் பற்றரிக்கு ஒரு குணம் உண்டு. பதமாகக் கேட்டால் நிறையக் கொடுக்கும். வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலையில் நடக்கும் பென்சன்காரரின் வேகத்தில் போனால் கப்பல் ஒன்றரை நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். காலி வீதியில் கந்தோருக்குப் பிந்திப்போகும் சைக்கிள்காரனின் வேகம் கேட்டால் ஒரு மணித்தியாலம்தான். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் மின்சாரம் எட்டு மடங்கு வேண்டும். அத்தோடு, அவசரமாக உறிஞ்சினால் பற்றரி தன்னிடம் இருப்பதையே முழுதாகத் தராது. முடிந்த பிறகு மேலே வந்து டீசலைப் போட்டு மணிக்கணக்கில் நிரப்பினால்தான் மறுபடி உண்டு. ஒரு நீர்மூழ்கிக் கப்டன் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், அவர் எவ்வளவு தூரம் வீரராக இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தரைக்குக் கீழே இருக்கும் அந்தச் செல்கள்தான்.

அவை நிறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால், நானும் அந்தோனி அய்யேயும். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். தமிழும் சிங்களமும் ஒரே வாயில் ஒரே நேரத்தில் வரும். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அய்யே என்பேன், அவர் என்னை மல்லி என்பார், சிங்களத்தில் அண்ணன், தம்பி. செல்லுக்குள் ஹைட்ரோமீற்றரைவிட்டு, கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதுவது அவர். மிதவை உயர்ந்து நின்றால் அசிட் கனமாக இருக்கிறது, செல் நிறைகிறது என்று அர்த்தம். ஆனால் அந்த மிதவை குளிர்தேசத்தில் அளவு குறித்தது. எங்கள் கொட்டகைச் சூட்டில் அசிட் ஐதாகி, மிதவை தாழ்ந்துபோய், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சூட்டைப் பார்த்து, அட்டவணையைப் பார்த்து, குறைந்ததைக் கூட்டித் திருத்துவது நான். அநேகமாகப் பதினாறு புள்ளி கூட்டவேண்டி வரும். பதினாறைக் கூட்டுவதற்கு மூன்றாம் வகுப்பு போதும். நான் அதைச் செய்த விதத்தைப் பார்த்தால் வானசாஸ்திரம் என்று நினைப்பீர்கள்.

ஒருநாள் நான் அவருக்குச் சொன்னேன்: “அய்யே, உங்களுக்குக் கண் மட்டும் இருந்தாக் காணும். மூளை என்னட்ட இருக்கு.” கொட்டகை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நன்றாகக் கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் பழுதுபார்த்து முடிந்த ஒரு நீர்மூழ்கிக்குப் பற்றரி நிரப்பிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்குத்தான் நிறையும் என்று கொட்டகைக்குப் பொறுப்பான எங்கள் போர்மன் கணக்குப் போட்டிருந்தார். நிரப்புவதில் கடைசிப் பகுதியை அவசரப்படுத்த முடியாது, அது தன்பாட்டில்தான் வரும். கப்டனுக்கோ பத்து மணிக்குப் புறப்பட வேண்டும். பெரிய முகங்கள் வந்து வந்து கேட்டுவிட்டுப் போயின. நான் அதிகாலை ஐந்து மணிக்கு வேலையைப் பாரமெடுத்தேன். என் முதல் இலக்கமே, இரவு வேலைக்காரர் விட்டுப்போன இலக்கத்தைவிடத் துள்ளி நின்றது. அந்த மனிதன் நித்திரையில் எழுதியிருக்கிறான் என்று முடிவுகட்டினேன். எட்டரை மணிக்கு என் கரும்பலகையில் பற்றரி நிறைந்துவிட்டது. மூன்று மணித்தியாலம் முந்தி.

போர்மன் வந்து பலகையைப் பார்த்தார். அவர் ஒரு பறங்கியர், தொழிலில் விண்ணன். “அதுக்குள்ளேயா மேன்?” என்றார்.

“ஓம் சேர். இந்தமுறை நல்லாய்ப் போச்சுது,” என்றேன்.

எதிர்பார்த்ததைவிட நல்ல செய்தி வந்தால் யாரும் அதை மடக்கிக் கேள்வி கேட்பதில்லை. கெட்ட செய்தி வந்திருந்தால் மூன்றுமுறை அளந்திருப்போம். போர்மன் தலையைச் சொறிந்தார். வெளியே கப்டனின் ஆள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். “சரி, இன்றைக்கு நீயே சைன் பண்ணு. உனக்கு அந்தத் தகுதி வந்துவிட்டது,” என்று பேனாவை என்னிடம் நீட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தந்தையார் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து, வளைத்து வளைத்துக் கையெழுத்து வைத்தேன்.

ஒரு மாலுமி என் தோளில் தட்டி “வா” என்றபோதுதான் அந்த வழக்கம் ஞாபகத்துக்கு வந்தது. பழுதுபார்த்த நீர்மூழ்கி முதல்முறை மூழ்கிப் பார்க்கும்போது, பற்றரி நிறைந்துவிட்டது என்று கையெழுத்திட்டவனும் கூட மூழ்க வேண்டும். பற்றரியைப் பற்றிப் பொய் சொல்லாமல் ஒருவனைத் தடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை என்று அந்தக் கடற்படை கண்டுபிடித்திருந்தது. எங்கள் போர்மனோ கப்பல் படத்தைப் பார்த்தாலே வாந்தி எடுக்கக்கூடியவர். திரும்பிப் பார்த்தேன். அவர் கொட்டகை வாசலில் நின்று மிகுந்த அன்போடு கையசைத்தார். ரீடிங் எடுப்பதற்கென்று அந்தோனியையும் என்னோடு அனுப்பினார்கள். அவர் மறக்காமல் தன் சோற்றுப் பார்சலையும் எடுத்துக்கொண்டார்.

திட்டம் இதுதான். எங்கள் பக்கத்து ரோந்துக் கப்பல்கள் இரண்டு, நீர்மூழ்கியைத் தேடிப் பழகுவதற்காக மேலே நிற்கும். நாங்கள் கீழே பதுங்கிக்கொண்டு மெதுவாகத் திரிய வேண்டும். மூன்று மணிக்குக் கப்டன் முழு வேகம் எடுத்து, அந்தக் கப்பல்களுக்குக் கீழாலேயே நுழைந்து பின்பக்கம் போய் மேலே வருவார். என் கையெழுத்திட்ட தாளை வைத்து, முழு வேகத்துக்கு ஐம்பது நிமிடம் உண்டு என்று அவர் கணக்கிட்டிருந்தார். அவர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். பற்றரிக்குப் பொறுப்பான மாலுமி பெரிய மீசைக்காரர். பெயர் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. மீசை என்றே வைத்துக்கொண்டோம்.

உள்ளே எல்லோரும் அரைக் காற்சட்டையோடு வேர்த்துக்கொண்டிருந்தார்கள். டீசல் நின்றதும் ஓர் அமைதி வந்தது. காதில் ஏதோ அடைத்தது. கப்பல் மூக்கைக் குனிந்துகொண்டு இறங்கத் தொடங்கியபோது நல்லூர்க் கந்தனுக்கு அந்த இடத்திலேயே மூன்று நேர்த்தி வைத்தேன். பிறகு பார்த்தால் ஒன்றுமில்லை. பேசாமல் இருக்கும் ஒரு பெரிய மெசின் அறைக்குள் இருப்பதைப்போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ‘சப்மரீன் எஞ்சினியர்’ மறுபடி தலைதூக்கினார். சமரியில் இன்றிரவு இதை எப்படிச் சொல்வது என்று வசனங்களை அடுக்கத் தொடங்கினேன்.

பன்னிரண்டு மணிக்கு அந்தோனி சோற்றுப் பார்சலை அவிழ்த்தார்.

வெள்ளிக்கிழமை அல்லவா. கத்தோலிக்கரான அவருக்கு இறைச்சி கூடாது, மீன் கூடும். சைவக்காரனான எனக்கு மச்சமாமிசம் எதுவுமே கூடாது. வாழையிலைக்குள் இருந்தது கட்டா மீனின் கருவாட்டுப் பிரட்டல். அந்த மூடிய இரும்புக் குழாய்க்குள் அது எழும்பிப் போன வேகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. இங்கே நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பற்றரி அசிட்டில் கடல் தண்ணீர் பட்டால் குளோரின் கிளம்பும், அது ஆளைக் கொல்லும் நஞ்சு. ஆகவே நீர்மூழ்கிக்குள் பழக்கமில்லாத மணம் என்றால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். முன்பக்கத்தில் ஒருவன் கத்தினான். இரண்டு பேர் ஓடினார்கள். மீசை எங்கிருந்தோ பாய்ந்து வந்து, தரைப்பலகையைத் தூக்கி, செல்களின் மேல் குப்புற விழுந்து முகர்ந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, மூக்கு காட்டிய திசையில் மெதுவாகத் திரும்பி, அந்தோனியின் மடியைப் பார்த்தார்.

“இது என்ன?”

“மீன், சேர்,” என்றார் அந்தோனி ஆங்கிலத்தில். பார்சலை மரியாதையாக அவர் பக்கம் நீட்டவும் செய்தார்.

மீசை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டி மூடச் சொன்னார். பலகையைத் திறந்ததுதான் திறந்தோம், இப்போதே ரீடிங்கை எடுத்துவிடுங்கள் என்று கட்டளையிட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அந்தோனி கீழே இறங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, கொப்பியில் எழுதி, என்னிடம் தந்தார். நான் பென்சிலை எடுத்துப் பதினாறைக் கூட்டப் போனேன். அவர் தன் உள்ளங்கையைப் பக்கத்தின் மேல் வைத்தார்.

“வேணாம் மல்லி. நான் கூட்டிட்டன்.”

“என்னத்தைக் கூட்டினீங்கள்?”

“அந்தப் பதினாறத்தான். உன் டேபிள நான் பாடமாக்கிட்டன். காலையில இருந்து நானே கூட்டித்தான் எழுதுறன்.” முகம் முழுக்கச் சிரிப்பு. “உன் மூளைக்கு இன்னைக்கு லீவு.”

“காலமை எத்தினை மணியில இருந்து?”

“அஞ்சு மணி. முதல் செல்லுல இருந்தே. நீ எப்ப கண்டுபிடிப்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்தன். நீ கண்டுபிடிக்கவே இல்ல.”

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது.

“நீயும் கூட்டினியா?”

“ஓம்.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு. பலகையில் நிறைந்த பற்றரி உண்மையில் நிறையவில்லை. எட்டில் ஒரு பங்கு குறைவு. இரவு வேலைக்காரர் நித்திரை கொள்ளவில்லை, நான்தான் கொண்டிருக்கிறேன். எட்டில் ஒரு பங்கு பெரிதா என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளவத்தைக்கு டிக்கட் எடுத்தவனைப் பம்பலப்பிட்டியில் இறக்கிவிட்டால் அவன் திட்டிக்கொண்டே மிச்சத்தை நடந்துவிடுவான். எங்கள் கப்டன் மூன்று மணிக்கு ஐம்பது நிமிட முழு வேகம் எடுக்கப்போகிறார். அந்த வேகத்தில் அவசரமாக உறிஞ்சினால், அதில் கடைசிப் பத்து நிமிடம் இல்லை. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் நாங்கள் இருக்கப்போவது இரண்டு ரோந்துக் கப்பல்களுக்கு நேர் கீழே. மோட்டர் சோர்ந்தால் கப்பல் ஆழத்தைப் பிடிக்காது, தாழத் தொடங்கும். தப்புவதற்குத் தாங்கிகளில் காற்றை ஊதினால் மேலே எது நிற்கிறது என்று தெரியாமல் எழும்பி அதன் வயிற்றில் இடிக்கும். உள்ளே இருந்தது நாற்பது பேருக்கு மேல்.

மீசை இரண்டடி தூரத்தில் நின்றார். அவருக்கு எங்கள் பாஷை தெரியாது. ஆகவே நாங்கள் இருவரும் சிரித்த முகத்தோடு, கருவாட்டைப் பற்றிப் பேசுவதைப்போலத் தலையை ஆட்டிக்கொண்டு பேசினோம்.

“சொல்லாத மல்லி,” என்றார் அந்தோனி. “நாலு மணிக்குத் தண்ணிக்கு மேல போயிருவோம். மேல போனா டீசல் ஓடும், அதுவா நிறைஞ்சிரும். யாருக்கும் தெரியாது.”

“மூண்டு மணிக்கு முழு வேகம் எடுக்கப்போறார் அய்யே. இருக்கிற பற்றரி அதுக்குக் காணாது.”

“கிட்டத்தட்டக் காணும் தானே?”

“கிட்டத்தட்டக் கடலுக்க இருக்கேலாது.”

“சொன்னா உன் வேலை போயிரும். என்னதும் போயிரும். எனக்கு வீட்டுல மூணு பேர் இருக்காங்க.”

அது உண்மை. எனக்குப் பயமாக இருந்தது, கடலுக்கு மட்டுமல்ல. மூட்டைமுடிச்சோடு யாழ்ப்பாண ரயிலேறும் நான், சமரி வாசலில் நின்று சிரிக்கும் கிளாக்கர்மார், எல்லாம் கண்முன்னே வந்தன. ஒரு நிமிடம் அதை மறைத்துவிடவே தீர்மானித்தேன். ஒளித்து என்ன, உண்மையில் இரண்டு நிமிடம். அதற்குள் மீசை அந்தோனியின் தோளில் தட்டி, அந்த மீனில் ஒரு சின்னத் துண்டு ருசி பார்க்கலாமா என்று கேட்டார். அந்தோனி அவிழ்த்துக் கொடுத்தார். மீசை கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, உறைப்பு அப்படி. “நல்லது, மிக நல்லது” என்று அந்த மனிதன் பொய் சொன்னபோது என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

“சேர், நான் கப்டனோடு கதைக்க வேண்டும்,” என்றேன்.

கப்டன் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார். பதினாறை இரண்டு பேரும் கூட்டியதை நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு ஒரே கேள்வி கேட்டார்: “அப்படியென்றால் என்னிடம் எவ்வளவு இருக்கிறது?”

நியாயமாக நாற்பது நிமிடம். ஆனால் அன்று என் கணக்கை நானே நம்பத் தயாராக இல்லை. “முப்பது நிமிடம் என்று வையுங்கள், சேர். அதற்கு மேல் வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.”

“யாருடைய பிழை?”

ஒரு பதில் தயாராக நாக்கில் வந்து நின்றது. ரீடிங் எடுப்பவர் எனக்குச் சொல்லாமல் முறையை மாற்றிவிட்டார், சேர். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பின்னால் அந்தோனி நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

“அவர் எழுதியது சரி, சேர்,” என்றேன். “சரியாக இருந்ததை நான்தான் கெடுத்தேன்.”

“அவர் ஏன் உன்னிடம் சொல்லவில்லை?”

“நான் அவரைக் கேலி பண்ணியிருந்தேன், சேர். உங்களுக்கு மூளை இல்லை என்று.”

கப்டன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார், என்னை அல்ல, அந்தோனியை. பிறகு வரைபடத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, அங்கே அடி மணலா என்று கேட்டார். மணல்தான் என்றார்கள். “நல்லது. ஓடுவதற்கு இல்லையென்றால் இருப்போம்,” என்றார்.

அப்படியே கொண்டுபோய்க் கப்பலைக் கடலின் அடியில் மணலில் இருத்திவிட்டார்கள். மோட்டர் நின்றது. சத்தம் கேட்டுவிடும் என்று விசிறிகளையும் நிறுத்தினார்கள். ஒருவரும் பேசக்கூடாது, நடக்கக்கூடாது. பற்றரிக்கு வேலையே இல்லை. மனிதர்களுக்குத்தான் வேலை. நாற்பது பேரின் மூச்சு, நாற்பது பேரின் வேர்வை, அதற்கு நடுவில் கட்டாக் கருவாடு. மேலே ரோந்துக் கப்பல்கள் எறியும் ஒலி, கப்பல் உடம்பில் சுண்டிவிட்டதைப்போல டிங் என்று கேட்கும். கிட்ட வரும், தலைக்கு மேலால் போகும், தூரப்போகும். எங்களையும் கடலடியையும் பிரித்தறிய அவற்றால் முடியவில்லை. இரண்டரை மணித்தியாலம் இப்படி இருந்தோம். காற்று பழுதாகி எல்லோருக்கும் தலையிடித்தது. பற்றரி மிச்சமிருந்தாலும் மூச்சு முடிந்தால் நீர்மூழ்கி மேலே வந்துதான் ஆகவேண்டும் என்பதை அன்று மண்டையாலேயே படித்தேன். அந்தோனி ஒருமுறை என் கையைத் தொட்டு, வாய்க்குள் கேட்டார்: “பசிக்குதா மல்லி?”

மூன்றரைக்கு, தேடிக் களைத்த கப்பல்கள் வேறு பக்கம் திரும்பின. கப்டன் மெதுவாகக் கிளப்பி, அவற்றின் பின்பக்கம் போய், ஒரு புகைக் குண்டை மேலே விட்டார். நிஜமான யுத்தமாக இருந்தால் உங்கள் கதை முடிந்தது என்று அதற்கு அர்த்தம். மேல்மூடியைத் திறந்ததும் உள்ளே விழுந்த காற்றைப்போல ருசியான எதையும் நான் அதற்குப் பிறகு உட்கொண்டதில்லை.

துறையில் போர்மன் காத்துக்கொண்டு நின்றார். கப்டன் என் கையெழுத்திட்ட தாளின் கீழே சிவப்புப் பென்சிலால் ஏதோ எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். போர்மன் வாசித்தார். நான் ரயில் நேரங்களை நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் தாளை என்னிடம் நீட்டினார். அதில் இப்படி இருந்தது: “பற்றரி எட்டில் ஒரு பங்கு குறைவு. கையெழுத்திட்டவர் கேட்காமலே சொன்னார். ஆகவே இந்தக் கப்பல் மூழ்கிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவரே வரவேண்டும். ரீடிங் எடுப்பவரும் வரவேண்டும். அவருடைய சாப்பாடு வரக்கூடாது.”

“சேர், என்னுடைய வேலை?” என்று கேட்டேன்.

போர்மன் பதறிவிட்டார். “என்ன மேன் கதைக்கிறாய்? நீ போனால் யார் மூழ்குவது?”

திங்கட்கிழமை என் நிரந்தர நியமனக் கடிதத்துக்கு அவரே நடந்து திரிந்தார் என்று பிறகு அறிந்தேன். என் திறமையால் எனக்கு வேலை நிரந்தரமானது என்று இத்தனை வருடம் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் அது அவருடைய வாந்தியால் நிரந்தரமானது. அன்று சமரிக்குப் போனபோது எங்கள் சமையற்காரர் என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எங்கே போய்க் கருவாடு தின்றாய் என்று கேட்டார். கடலுக்கு அடியில் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. கிணற்றடியில் குளித்துவிட்டு வந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

சனிக்கிழமை காலை அந்தோனி அய்யே கொப்பியை எனக்கு முன்னால் வைத்தார். ஒரு பக்கத்தின் ஓரத்தை மட்டும் திறந்து, ஒரேயோர் இலக்கத்தைக் காட்டினார். மிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“சொல்லு மல்லி. இது கூட்டினதா, கூட்டாததா?”

நெடுநேரம் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அது வெறும் இலக்கம். அதன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“தெரியேல்லை அய்யே,” என்றேன். “நீங்கள்தான் சொல்லவேணும்.”

“கேக்குறியா?”

“ஓம். கேக்கிறன்.”

“அப்ப அந்த வடைய இங்க தள்ளு.”

வெள்ளவத்தையிலிருந்து வாங்கிவந்த உளுந்து வடை இரண்டு என்னிடம் இருந்தது. இரண்டையும் அவர் பக்கம் தள்ளினேன். ஆறுதலாக ஒன்றைத் தின்று முடித்து, விரலைத் துடைத்து, கொப்பியை முழுதாகத் திறந்தார். பக்கத்தின் நடுவில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு கிழித்திருந்தார். இடப்பக்கம் அவருடைய இலக்கங்கள், கீழே அவருடைய கையெழுத்து. வலப்பக்கம் வெறுமை.

“இது நான் கண்டது,” என்றார். “அந்தப் பக்கம் உன்னது. என் பக்கத்துல கை வைக்காத.”

அவர் மிச்ச வடையை எடுத்து எனக்குத் தந்தார். நான் பென்சிலைத் தீட்டிக்கொண்டு என் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.